நாலாவது தடவை

மருந்து விழுந்ததும் கண் எரிந்தது. பிறகு அந்த எரிச்சல் மூக்குக்குள் இறங்கித் தொண்டையில் கசப்பாக வந்து நின்றது. "கண்ண மூடிக்கங்கம்மா. நான் வந்து சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது," என்று நர்ஸ் பெண் தையல்நாயகியின் கையில் ஒரு துண்டுப் பஞ்சைத் திணித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். அங்கேயும் அதையே சொன்னாள், அதற்கடுத்த நாற்காலியிலும் அதையே சொன்னாள். திருச்சியில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் நீளமான கூடத்தில் வயதானவர்கள் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைத் தையல்நாயகி வரும்போதே பார்த்தாள், ஏதோ கூட்டுப் பிரார்த்தனை போல இருந்தது, இப்போது அந்த வரிசையில் அவளும் ஒருத்தி. மூடிய இமைக்குள் முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு நிறமென்று சொல்ல முடியாத ஒன்று. பினாயில் வாசனை. எங்கோ டீவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள், கடுகு வெடித்தது. இடப்பக்கம் ஷர்மிளா இருந்தாள். தங்கை மகன் வாசுவின் மனைவி. வளையல் போடமாட்டாள், ஆனாலும் கைக்கடிகாரப் பட்டை செல்போனில் உரசுகிற சத்தத்தில் அவள் இருப்பது தெரிந்தது. நாளைக்குப் பத்திரம். நாளைக்கு இந்நேரம் உறையூர் வீடு வாசுவின் பேரில் ஆகியிருக்கும். "போறதுக்கு முன்னாடி கண்ணையும் காட்டிடலாம் பெரியம்மா, அங்க போயி அலைய வேண்டாம்," என்று வாசுதான் ஏற்பாடு செய்தான். அங்க என்றால் கோயம்புத்தூருக்கு வெளியே, மலையடிவாரத்தில், வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு. முதியோர் இல்லம் என்று அவள் வாய்தவறிச் சொன்னபோது, "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க பெரியம்மா, அது ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி, யோகா எல்லாம் இருக்கு," என்று சிரித்தான். நாளைக்குள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். நான் அந்த வீட்டிலேயே, பின்பக்கத்துச் சின்ன அறையில் இருந்துகொள்கிறேன். அவ்வளவுதான். வாக்கியம் நாக்கின் நுனியில்தான் இருந்தது, பல நாளாக அங்கேதான் இருந்தது, வாயில் அடக்கிய வெற்றிலைச் சக்கை மாதிரி, துப்பவும் இடமில்லை விழுங்கவும் முடியவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமே வராது என்றுதான் நினைத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. அன்றைக்கு வாசு சாப்பாட்டு மேசையில் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "வீட்ட என்ன பெரியம்மா பண்ணப் போறீங்க? வெளியாளுக்குக் குடுக்கிறதுன்னா நானே வாங்கிக்கிறேனே," என்றபோது அவளுக்கு உள்ளே என்னவோ குளிர்ந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து கேட்கிறது. "எவ்வளவு பெரியம்மா?" என்றான். "உங்கிட்ட என்னடா வியாபாரம்? நீயா பாத்துக் குடு," என்றாள். அப்புறம், அப்புறம்தான், யாரும் கேட்காமலே, தேங்காய்ப்பாலை அவன் தட்டில் ஊற்றியபடி அதைச் சொன்னாள்: "எனக்கென்னப்பா, ஒண்டிக்கட்டை. எங்கயாவது ஒரு ரூம் பாத்து இருந்துட்டுப் போறேன்." சொல்லிவிட்டு அவன் கை நிற்கும் என்று பார்த்தாள். பிய்த்த துண்டு பாதி வழியில் நிற்கும், என்ன பெரியம்மா இப்படிச் சொல்லிட்டீங்க, நீங்க இல்லாம அது என்ன வீடு என்பான், அதெல்லாம் வேண்டாம்ப்பா, சின்னஞ்சிறுசுங்க, நான் எதுக்கு நடுவுல என்று இவள் சொல்வாள், அவன் மறுபடி சொல்வான், இவள் மறுபடி மறுப்பாள், கடைசியில், சரி நீ இவ்வளவு சொல்றப்ப என்று முடியும். இப்படித்தானே எல்லாம் முடிந்திருக்கிறது. அவள் பிறந்த வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் போதும் என்றால், அந்தக் கையின் மேலேயே சாம்பாரை ஊற்றுவாள் அம்மா. விரலிடுக்கில் ஒழுகும். அதுதான் மரியாதை. மூணு தடவை வேண்டாம்னு சொல்லணும், நாலாவது தடவைதான் கை விலகணும், முதல்லயே விலகுற கைய எந்த வீட்டுலயும் மதிக்க மாட்டாங்க என்று அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு. வாசு துண்டை வாயில் போட்டு மென்றான். யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் பாவம். "ரூம் எல்லாம் கஷ்டம் பெரியம்மா. தனியா சமைக்கணும். நான் நல்ல இடமா விசாரிக்கிறேன்," என்றான். சாம்பார் கரண்டி ஒரே ஒரு தடவை வந்து, நீட்டிய கையைப் பார்த்து, சரியென்று அடுத்த இலைக்குப் போய்விட்டது.

"காபி வாங்கட்டுமா பெரியம்மா? கீழ கேன்டீன் இருக்கு." "வேண்டாம்மா." "சரி." நாற்காலி முனகியது, செருப்புச் சத்தம் போய் மறைந்தது. காபி வேண்டும் போலத்தான் இருந்தது, காலையில் அவசரத்தில் பாதிதான் குடித்தாள். இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று கோபப்படக்கூட முடியவில்லை, அவர்கள் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொன்னாள், அந்தப் பதிலை அவர்கள் மதித்தார்கள், இதில் குற்றம் எங்கே. விலை விஷயத்திலும் அப்படித்தான். வாசு நாலு இடத்தில் விசாரித்து, பேங்க்கில் கேட்டு, வந்து மறைக்காமல் சொன்னான்: "இது கம்மிதான் பெரியம்மா, எனக்கே தெரியும். பக்கத்து மனை போன விலையில பாதிகூட வராது. லோன் இவ்வளவுதான் தர்றாங்க. உங்களுக்கு ஒத்து வரலேன்னா சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." இதைவிட நேர்மையாக ஒருவன் பேச முடியாது. அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஏனென்றால் அவள் மனசுக்குள் வேறொரு கிரயம் நடந்துகொண்டிருந்தது. குறைகிற அந்தப் பாதி, அந்தச் சின்ன அறைக்கு. சாகிற வரைக்கும் ஒரு கட்டிலுக்கும், காலையில் ஒரு டம்ளர் காபிக்கும், பெரியம்மா எழுந்துட்டாங்களா என்று கதவுக்கு வெளியே கேட்கும் ஒரு குரலுக்கும் அவள் முன்பணமாகக் கட்டியது. வாங்கியவனுக்கு, தானும் ஒன்றை விற்றிருக்கிறோம் என்பது தெரியாது. எதிர்வீட்டுச் செபஸ்தியம்மா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமா டீச்சர் உங்களுக்கு?" அவள் எல்லாரையும் டீச்சர் என்பாள், தையல்நாயகி ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை. "சும்மா எழுதிக் குடுத்தா தானம்னு பேராவது வரும். வித்தா கையில காசாவது வரும். நீங்க பண்றதுக்கு என்ன பேரு?" "என் தங்கச்சி மகன், செபஸ்தி." "தங்கச்சி மகன்தானே, கேட்டு வாங்குங்களேன், ஒரு ரூம் எனக்குன்னு பத்திரத்துல எழுதுடான்னு." "கேட்டு வாங்கினா அது என்ன செபஸ்தி?" செபஸ்தியம்மா எழுந்தாள். "கேக்காம இருந்தா மட்டும் என்னவாம்?" என்று முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ரப்பர் செருப்பு. குளிர்ந்த விரல் ஒன்று இமையைப் பிரித்தது. சுருக்கென்று ஒரு டார்ச் வெளிச்சம். "கண் பாப்பா இன்னும் விரியலம்மா. இன்னொரு சொட்டு." மறுபடி எரிச்சல், மறுபடி கசப்பு. "நீங்க டைட்டா மூடுறீங்க. லேசா மூடுங்க, தூங்குற மாதிரி." தூங்குகிற மாதிரி மூட அவளுக்கு வராது. டெலிபோன் நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்த உடம்பு, கண் மூடினால் காது விழித்துக்கொள்ளும். தலையில் ஹெட்போன் வளையத்தை மாட்டிக்கொண்டு, வலக்கையில் ஒயரும் இடக்கையில் பென்சிலுமாக, வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்த வருஷங்கள். முகமே கிடையாது, குரல்தான். மெட்ராஸ் பேசுங்க, லைன்ல இருக்காங்க. ஹலோ என்பதற்கு முன்னால் வருகிற மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், சாவா, கல்யாணமா, கடன் கேட்கப்போகிறார்களா என்று. சினேகிதி ரோகிணி பந்தயம் கட்டுவாள், தோற்பாள். அப்போது கவனித்த விஷயம் ஒன்று உண்டு. யாரும் எதற்காகக் கூப்பிட்டார்களோ அதை முதலில் சொல்லவே மாட்டார்கள். மழை உண்டா, மாமாவுக்குச் சளி எப்படி, வேற ஒண்ணும் இல்ல, வேற ஒண்ணும் இல்ல, காசு ஓடும், இவளுக்கு நடுவில் புகுந்து சீக்கிரம் சொல்லுங்கய்யா என்று கத்தலாம் போல இருக்கும். அப்புறம், சரி வச்சிடட்டுமா என்றதும்தான் ஒரு நிசப்தம் வரும், அந்த நிசப்தத்துக்குப் பின்னால் ஓட்டமாக வந்து விழும் விஷயம். அதற்குள் நேரம் முடிந்துவிடும். எத்தனை பேருடைய விஷயத்தைப் பாதியில் ஒயரோடு தன் கையால் பிடுங்கி எடுத்திருக்கிறாள், ஒயரின் நுனி சூடாக இருக்கும், அல்லது சூடாக இருந்ததாக இப்போது தோன்றுகிறது.

காபி வாசனை வந்தது, பின்னாலேயே ஷர்மிளா. ஒரு கப்தான், அட்டைக் கப்பை உறிஞ்சுகிற சத்தத்தில் தெரிந்தது. நல்ல காபி, சிக்கரி அதிகமில்லை. "பெரியம்மா, அந்த கிச்சன் மேடைய எடுத்துட்டு மாடுலர் போடலாம்னு இருக்கோம். உங்களுக்கு வருத்தம் இல்லையே?" "உங்க வீடும்மா, எனக்கென்ன வருத்தம்." "வாசல் படிய மட்டும் முதல்ல இடிக்கணும். அந்த ரெண்டாவது படியில நான் ஒவ்வொரு தடவையும் தடுக்குறேன். யாரு பெரியம்மா அப்படிக் கட்டுனது?" கொத்தனார் தப்பு. முதல் படி சாதாரணம், இரண்டாவது அதைவிட ஒரு கை அகலம் கூடுதல் உயரம். கணவர் சிவகுருநாதன் பார்த்துவிட்டு, இடிச்சுக் கட்டுய்யா என்றார், கொத்தனார் முகம் தொங்கிப்போனது, இவள்தான், இருக்கட்டுங்க, கால் பழகிடும் என்றாள். கால் பழகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் தடுக்குவார்கள், இவள் மட்டும் முழங்காலளவு தண்ணீரில் நடக்கிறவள் மாதிரி காலைத் தூக்கி வைப்பாள். இப்போது கண்ணை மூடியபடியே அந்தப் படியில் ஏறினாள். செருப்பை இடதுபக்கம் விட்டாள். கூடம், சுவரோடு ஒரு கை, ஸ்விட்ச் போர்டு வழுவழுப்பு, அதைத் தாண்டினால் சிவகுருநாதன் படம் இருக்கிற இடத்தில் சுவர் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், ஏனென்று தெரியாது, உள்ளே குழாய் போகிறதோ என்னவோ. சமையலறை வாசலில் கதவு அரையங்குலம் இறங்கித் தரையைத் தேய்க்கும். பிறகு பின்கட்டு, சின்ன அறை, ஜன்னலில் முருங்கைக் கிளை உரசும். டாக்டர் போன தடவையே சொன்னார், வலது கண்ணில் நரம்பு பலவீனம், இது கண்ணாடியால் சரியாகிற விஷயமில்லை, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வாசுவிடம் பாதிதான் சொன்னாள். கண் போனாலும் அந்த வீட்டில் அவள் பார்வையுள்ளவள். ஒரு பாத்திரத்தைத் தட்டாமல் நள்ளிரவில் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். மலையடிவாரத்து அறையில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கும். பாத்ரூம் எத்தனை எட்டு. யாரைக் கூப்பிட வேண்டும், எந்தப் பெயர் சொல்லி. எப்படிப் பார்த்தாலும் அவள் குருடியாகப் போவது கண்ணால் அல்ல, அந்தக் கையெழுத்தால்.

"அந்தப் பின்பக்க ரூம்," என்றாள் தையல்நாயகி. குரல் எப்படியோ வெளியே வந்துவிட்டது. "அத என்னம்மா பண்ணப் போறீங்க?" ஷர்மிளா கப்பைக் கீழே வைத்தாள். "அதுவா, இப்போதைக்குச் சும்மாதான் கிடக்கும் பெரியம்மா." சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற அறையில் ஒரு கிழவி கிடந்தால் யாருக்கு என்ன. "அப்புறமா வாசுவுக்கு ஆபீஸ் ரூம் ஆக்கிடலாம்னு. வீட்டுலேர்ந்து வேல பாக்குறப்ப ஹால்ல உக்காந்துக்கிட்டு என்னையும் பேச விட மாட்டேங்கிறாரு." சிரித்தாள். தையல்நாயகியும் சிரித்தாள், மூடிய கண்ணோடு சிரிப்பது விகாரமாக இருக்குமோ என்று தோன்றி நிறுத்தினாள். போன் அதிர்ந்தது. "ம், போட்டாச்சு, இன்னும் விரியலையாம். இல்ல, நல்லாத்தான் இருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கா? சரி. பெரியம்மா, வாசு. உங்களுக்கு ஏதாச்சும் வேணுமான்னு கேக்குறாரு." காதருகே சூடான செல்போன். "பெரியம்மா, ஏதாவது வேணுமா? தயங்காம சொல்லுங்க." வேணும். "ஒண்ணும் வேண்டாம்டா. நீ சாப்ட்டியா?" "இனிமேதான். வச்சிடட்டுமா?" அந்த நிசப்தம் வந்தது. அவளுக்கு அந்த நிசப்தத்தை அடையாளம் தெரிந்தது, இத்தனை வருஷம் அதன் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், இப்போதுதான் உள்ளே நிற்கிறாள், உள்ளே இவ்வளவு இருட்டு என்று யாரும் சொல்லவில்லை. "சரி வச்சிடுப்பா." வாசு சின்னப் பிள்ளையாக லீவுக்கு வந்தபோது, இன்னொரு தோசை என்றால் வேணாம் என்பான், இவள் போட்டுவிட்டால் அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவுவான். அழ மாட்டான், கோபிக்க மாட்டான், தட்டில் தோசை மட்டும் ஆறிக் கிடக்கும். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம், வேணும் என்றால் வேணும். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று நினைக்கிற பிள்ளை. அவன் அம்மாவும் அப்படி. தங்கை சௌந்தரம் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்து, "அக்கா, இந்தப் பச்சப் பட்ட நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள். முதல் சம்பளத்தில் எடுத்த பட்டு, அரக்கு பார்டர், ஒரே ஒரு தடவை கட்டியது. "தாராளமா எடுத்துக்க," என்றாள் இவள், அந்தச் சொல்லைப் போதுமான அளவுக்கு இனிப்பாகச் சொன்னாள், கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சௌந்தரம் சாகும்வரை அந்தப் புடவை அக்கா ஆசையாகக் கொடுத்தது என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். அது பொய்யில்லை, அவளுக்குத் தெரிந்த உண்மை அது.

ரப்பர் செருப்பு மறுபடி வந்தது. டார்ச். "விரிஞ்சிருச்சும்மா. கண்ணத் தொறந்துக்கலாம். பேரு கூப்பிடுவாங்க." திறந்தாள். உலகம் முழுக்க வெள்ளையாக எரிந்தது. ஜன்னல்கள் இருந்த இடத்தில் ஜன்னல்களின் கொதிப்பு, மனிதர்கள் இருந்த இடத்தில் கரையும் ஓரங்கள். ஷர்மிளா இருந்த இடத்தில் மஞ்சளாக ஒன்று, மேலே கறுப்பாக ஒன்று, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் தேங்கி நின்றது. "தையல்நாயகி!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஷர்மிளா எழுந்து முழங்கையைப் பிடித்தாள், பதமான பிடி, நல்ல பெண். பிடித்துக்கொண்டு எழுந்த அந்த ஒரு நொடியில், லைன் அறுபடப் போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிற அதே வேகத்தில், அதே குழறலில், அவள் சொல்லிவிட்டாள்: "ஷர்மி, நான் அந்தச் சின்ன ரூம்லயே இருந்துக்கட்டுமாம்மா?"

ஒரு மூச்சு வந்தது. வார்த்தைக்கு முன்னால் வருகிற மூச்சு. "அதுக்கென்ன பெரியம்மா," என்றாள் ஷர்மிளா. "தாராளமா இருங்க." தையல்நாயகி தன் காதை முழுக்கத் திறந்து அந்த மூச்சை மறுபடி கேட்டாள். திடுக்கிட்ட மூச்சா, சந்தோஷமா, இல்லை கைப்பையைத் தோளில் மாட்டுவதற்காக இழுத்ததா. ரோகிணியிடம் ஒரு தடவைகூடத் தோற்காதவள். எதுவும் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். பார்த்தாள், வெளிச்சம் இருந்தது. உதடு எப்படி இருக்கிறது, புருவம் ஏறியதா, ஒன்றுமில்லை, அழித்த சிலேட்டு மாதிரி ஒரு வெள்ளை. தாராளமா. அந்தச் சொல்லை அவளுக்குத் தெரியும், அதை எந்த இடத்திலிருந்து எடுத்து எப்படித் துடைத்து நீட்டுவார்கள் என்று தெரியும். இவள் வாசு மாதிரிப் பெண் என்றால் அந்தச் சொல்லுக்கு அந்தச் சொல்தான் அர்த்தம். தையல்நாயகி மாதிரிப் பெண் என்றால் ராத்திரி கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவுவாள். எது என்று யாரைக் கேட்பது. கை தானாகவே இலைக்குக் குறுக்கே நீண்டது. "சும்மா கேட்டேன்மா," என்றாள். "அங்க எல்லாம் வசதியாத்தானே இருக்குன்னு வாசு சொன்னான். நான் எதுக்கு இங்க நடுவுல." நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னும் ஒரு தடவை சொல்லட்டும். நாலு வேண்டாம், இரண்டு போதும். இருங்களேன் பெரியம்மா என்று ஒரு தடவை, சும்மா ஒப்புக்குச் சொன்னாலும் போதும், கையை எடுத்துவிடுவாள், அம்மா வகுத்த கணக்கை எல்லாம் விட்டுவிட்டு முதல் பந்தியிலேயே வெட்கமில்லாமல் கையை எடுத்துவிடுவாள். டீவியில் சமையல் முடிந்து யாரோ கை தட்டினார்கள்.

"சரி பெரியம்மா," என்றாள் ஷர்மிளா. உள்ளேயிருந்து பெயரை மறுபடி கூப்பிட்டார்கள். "இதோ வர்றோம் சிஸ்டர். பெரியம்மா, பாத்து, இந்த ரூமுக்கு ஒரு படி இருக்கு." தையல்நாயகி தலையாட்டினாள். படி அவளுக்குப் பழக்கம்தான். காலை நன்றாக உயரத் தூக்கி முன்னால் வைத்தாள். படி அவ்வளவு உயரமில்லை. கால் காற்றில் வெகுதூரம் இறங்கிக்கொண்டே இருந்தது.